கறுப்பு அட்டையில் காட்டெருமை: பிள்ளைகளுக்குச் சுரண்டல் ஓவியம் கற்பிக்கும் முறை

வெள்ளைத் தாளில் பென்சிலால் வரையும் பிள்ளை விளிம்பையும் நிழலையும் சேர்த்துக்கொண்டே போகிறது. சுரண்டல் ஓவியத்தில் அட்டை தொடக்கத்திலேயே முழுக் கறுப்பாக இருக்கிறது. கூரான ஒரு கருவியால் அந்தக் கறுப்பைச் சுரண்டி எடுக்க எடுக்க, அடியில் இருக்கும் வெள்ளையோ வண்ணமோ வெளிப்படுகிறது. ஆகவே இதில் பிள்ளை வரைவதெல்லாம் வெளிச்சத்தைத்தான். இது மனத்தில் பதிந்துவிட்டால் மற்ற நுட்பங்களைச் சொல்லிக்கொடுப்பது எளிது. பதியாவிட்டால், எவ்வளவு நல்ல அட்டையை வாங்கிக் கொடுத்தாலும், கறுப்புத் தாளில் சாக்பீஸால் கோடு இழுத்தது போன்ற படமே மிஞ்சும். எங்கே சுரண்டாமல் விடுவது என்பதைக் கற்றுக்கொடுப்பதே ஆசிரியரின் முதன்மையான வேலை என்பது என் கருத்து. நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் ஓவியம் கற்பித்து வருவதால், இங்குள்ள குளிரையும் ஈரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டே எழுதுகிறேன். சமவெளியில் இருப்பவர்கள் உலரும் நேரத்தைக் குறைத்துக்கொண்டால் போதும்.

படப்புத்தகத்தை எப்படிப் பார்ப்பது

பத்தொன்பதாம் நூற்றாண்டில், மரக்கட்டையில் செதுக்கி அச்சிடும் முறைக்கு எளிய மாற்றாக, வெண்களிமண் பூசிய அட்டையின்மேல் கறுப்பு மை தடவிச் சுரண்டும் முறை ஐரோப்பாவில் உருவானது. கறுப்பு, வெள்ளை என்ற இரண்டே நிறங்கள் இருந்ததால், மட்டமான செய்தித்தாளிலும் கோடுகள் மங்காமல் அச்சேறின. அதனால் பத்திரிகைகளும் விளம்பரக்காரர்களும் அதை விரும்பிப் பயன்படுத்தினார்கள். பின்னாளில் சிறுவர் படப்புத்தகங்களில் இந்த முறைக்குத் தனி இடம் கிடைத்தது. அமெரிக்க ஓவியர்களான பிரையன் பிங்க்னியும் பெத் கிரோம்ஸும் இதில் பெயர் பெற்றவர்கள். பெத் கிரோம்ஸ் படம் வரைந்த ‘தி ஹவுஸ் இன் தி நைட்’ சிறந்த படப்புத்தக ஓவியத்துக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் கால்டெகாட் பதக்கத்தை 2009-ஆம் ஆண்டில் பெற்றது. அந்தப் புத்தகத்தின் பக்கங்கள் கறுப்பு வெள்ளையில் இருக்க, ஒளி இருக்கும் இடங்களில் மட்டும் பொன்மஞ்சள் ஒன்று துணைக்கு வருகிறது. அந்தக் கட்டுப்பாட்டை நாம் அப்படியே வகுப்புக்குக் கொண்டுவரலாம்; எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இதே புத்தகம் கிடைக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இரவுக் காட்சி உள்ள எந்தப் படப்புத்தகமும் போதும். முதல் வகுப்பில் கதையை ஒருமுறை முழுவதும் படித்துக் காட்டிவிட்டு, இரண்டாம் முறை எழுத்தை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பிள்ளைகளோடு புரட்டுவது என் வழக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன்: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? நிலாவிலிருந்தா, சன்னலிலிருந்தா, யாரோ கையில் பிடித்திருக்கும் விளக்கிலிருந்தா? அதற்குப் பதில் வந்த பிறகு, அந்த வெளிச்சம் படாத பக்கத்தில் ஓவியர் என்ன செய்திருக்கிறார் என்று பார்க்கச் சொல்லலாம். பெரும்பாலும் ஒன்றுமே செய்திருக்கமாட்டார். பூனையின் முதுகு இருட்டோடு கலந்துபோயிருக்கும். ஆனாலும் அது பூனை என்பதில் யாருக்கும் ஐயம் வராது. பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்கும்போது அடையும் வியப்பே பாதிப் பாடம். அதன் பிறகு கோடுகளைக் கவனிக்கச் சொல்லலாம்: ரோமத்தைக் காட்டும் குறுங்கோடுகள் எந்தத் திசையில் சாய்கின்றன, மரப்பட்டையில் கோடு எங்கே நின்று எங்கே தொடர்கிறது, வானத்தில் கோடுகள் நேராக ஓடுகின்றனவா, வளைகின்றனவா என்பன போன்றவை. புத்தகத்திலிருக்கும் படத்தைப் பார்த்து அப்படியே வரையச் சொல்லும் பயிற்சியை நான் கொடுப்பதில்லை. கோடு போடும் முறையைப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்; வரையும் பொருள் பிள்ளையின் வீட்டுக்குப் பக்கத்திலிருந்து வருவதே நல்லது.

அட்டை தயாரித்தல்

கடையில் கிடைக்கும் வானவில் வண்ணச் சுரண்டல் தாள்களை நான் பரிந்துரைப்பதில்லை. முதல் பத்து நிமிடங்களுக்குப் பிள்ளைகள் துள்ளுவார்கள். பிறகு எல்லாப் படங்களும் ஒன்றுபோலவே இருப்பதைப் பார்த்துச் சலித்துவிடுவார்கள். எந்த இடத்தில் என்ன நிறம் வரும் என்பதைத் தாளே முடிவு செய்துவிடுவதால், பிள்ளைக்கு யோசிக்க ஒன்றுமில்லாமல் போகிறது. களிமண் பூசிய அசல் அட்டைகள் மிக நேர்த்தியானவை. ஆனால் விலை அதிகம், கூரிய கத்திமுனையும் தேவைப்படும். பன்னிரண்டு வயதைக் கடந்து, கை பழகிய பிள்ளைகளுக்கு அவற்றை ஒதுக்கிவைக்கலாம். மற்றவர்களுக்கு வீட்டில் செய்யும் மெழுகு அட்டையே பொருத்தமானது. அதைச் செய்வதும் பாடத்தின் ஒரு பகுதிதான்.

நன்கு தடித்த, வழவழப்பான வெள்ளை அட்டையை 15 செ.மீ.க்கு 20 செ.மீ. அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். சாதாரண சார்ட் தாள் வேண்டாம். கறுப்பு பூசியதும் சுருண்டுவிடும். அட்டையின்மேல் மெழுகுக் கிரேயானாலோ ஆயில் பேஸ்டலாலோ ஓர் இடம் விடாமல் அழுத்தித் தீட்ட வேண்டும். முதலில் குறுக்காகவும் பிறகு நெடுக்காகவும் தீட்டினால் இடைவெளி விழாது. மெழுகு படாத இடத்தில் கறுப்பு நேராக அட்டைக்குள் ஊறிவிடும். பிறகு எவ்வளவு சுரண்டினாலும் வராது, அட்டைதான் கிழியும். படப்புத்தகத்தில் கண்ட கறுப்பு வெள்ளைத் தோற்றம் வேண்டுமானால் வெள்ளை ஆயில் பேஸ்டலைத் தீட்டலாம். செலவைக் குறைக்க வெள்ளை மெழுகுவர்த்தியைப் படுக்கைவாக்கில் வைத்துத் தேய்த்தாலும் போதும். வெள்ளைமேல் வெள்ளை தீட்டும்போது எங்கே விட்டுப்போயிற்று என்பது கண்ணுக்குத் தெரியாது. அட்டையைச் சன்னலருகே சாய்த்துப் பிடித்தால் மெழுகு பட்ட இடம் மினுங்கும், படாத இடம் மங்கலாக நிற்கும். இந்தச் சோதனையைப் பிள்ளைகளே செய்யட்டும். டிசம்பர், ஜனவரி மாதக் குளிரில் கிரேயான் இறுகிப்போய் வழுக்கிக்கொண்டு போகும். தீட்டுவதற்கு முன் சற்று நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தால் இளகிக் கொடுக்கும்.

இனி அந்தப் பொன்மஞ்சள். வீட்டின் சன்னல், தெருவிளக்கு, நிலா என்று படத்தில் ஒளி வரும் ஓர் இடத்தைப் பிள்ளை முன்கூட்டியே முடிவு செய்து, அந்த இடத்தில் மட்டும் வெள்ளைக்குப் பதிலாக மஞ்சள் பேஸ்டலைத் தீட்ட வேண்டும். கறுப்பு பூசியதும் அது மறைந்துவிடும் என்பதால், அட்டையின் நான்கு ஓரங்களிலும் மஞ்சளின் நேருக்கு நேராகச் சிறு வெட்டுக்குறி இட்டுக்கொண்டால் பிறகு இடம் தப்பாது. இப்படிச் செய்யும்போது வெளிச்சம் எங்கே இருக்கும் என்பதை வரையத் தொடங்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. நான் வாயால் எத்தனை முறை சொன்னாலும் ஏறாத பாடம் இந்த மஞ்சளில் தானாக ஏறிவிடுகிறது.

கறுப்புக்குப் போஸ்டர் கலர் போதும். வெறும் போஸ்டர் கலரை மெழுகின்மேல் தடவினால், நீரை மெழுகு ஏற்காது என்பதால் அது துளித்துளியாக ஒதுங்கிக்கொள்ளும். இரண்டு மேசைக்கரண்டி வண்ணத்துக்குப் பாத்திரம் கழுவும் சோப்பு நீர்மத்தை நான்கைந்து சொட்டு விட்டு, நுரைக்காமல் மெதுவாகக் கலக்கினால், சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால் வண்ணம் சீராகப் படியும். சோப்பு அதிகமானால் குமிழி விழுந்து, உலர்ந்தபின் அந்த இடமெல்லாம் குழி குழியாக நிற்கும். கலவை தோசை மாவின் பதத்தில் இருப்பது நல்லது. அகலமான பிரஷால் ஒரு பூச்சு குறுக்காகப் பூசி, அது முழுவதும் உலர்ந்த பின் இரண்டாம் பூச்சை நெடுக்காகப் பூசுங்கள். மூன்றாம் பூச்சு வேண்டாம். பூச்சு தடித்தால் கோடு நறுக்கென்று விழாமல் கறுப்பு செதில் செதிலாகப் பெயரும்.

உலர்வதுதான் மலையில் பெரிய தொல்லை. ஊட்டியிலும் கூடலூரிலும் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்கிறது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் காலையில் பூசிய அட்டை மாலையிலும் விரலில் ஒட்டும். அதற்காகக் கணப்பருகிலோ ஹீட்டருக்கு முன்னாலோ கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். அடியிலிருக்கும் மெழுகு இளகிக் கறுப்போடு கலந்துவிட்டால் அட்டை வீண். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வெயில் இருக்கும் நாட்களிலேயே தேவையான அட்டைகளை மொத்தமாகச் செய்து, ஒன்றுக்கொன்று நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, மூடியுள்ள பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்துக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் செய்தே ஆக வேண்டுமென்றால் ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்துப் பயன்படுத்தலாம்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முனை சீவிய மூங்கில் குச்சி, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா, பழைய சீப்பின் துண்டு, ஐஸ்கிரீம் குச்சி ஆகியவை போதும். ஊசியையும் காம்பஸ் முனையையும் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மட்டும் கொடுங்கள், அதுவும் பிடிப்பதற்குத் தடிப்பாகத் துணி சுற்றி.

முதலில் ஒரு பட்டை

படத்துக்குப் போகும் முன், மிஞ்சிய அட்டையில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டிக் கொடுத்து, கோடுகளை மட்டும் பழகச் சொல்ல வேண்டும். இணைகோடுகள், குறுக்குமறுக்குக் கோடுகள், புள்ளிகள், ரோமம் போன்ற குறுங்கோடுகள், சீப்பால் இழுத்த அலைகள் என்று ஒவ்வொன்றையும் ஒரு கட்டத்தில் போடட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஓரத்தில் கோடுகளை நெருக்கியும் மறு ஓரத்தில் தளர்த்தியும் போடச் சொல்லுங்கள். சாம்பல் நிறம் என்ற ஒன்று இந்த ஓவியத்தில் கிடையாது. நெருங்கிய கோடுகள் வெளிச்சமாகவும் விலகிய கோடுகள் மங்கலாகவும் தோன்றுவதுதான் சாம்பலுக்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது. பட்டையில் அதைத் தன் கையால் செய்து பார்த்த பிள்ளை, படத்தில் அதைத் தேடிப்போகும்.

காட்டெருமையை வரைதல்

மலைப்பிள்ளைகளுக்கு முதல் படமாகக் காட்டெருமையைவிடப் பொருத்தமான ஒன்றை நான் கண்டதில்லை. தேயிலைத் தோட்டத்து ஓரங்களிலும் ஊருக்குள்ளேயும் அது வந்து நிற்பதைப் பார்க்காத பிள்ளை இங்கே அரிது. உடல் ஏறக்குறைய முழுக் கறுப்பு; முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. சுரண்டல் அட்டைக்கென்றே பிறந்த விலங்கு என்று தோன்றும். (படத்துக்காக அதை நேரில் பார்த்து வருகிறேன் என்று எந்தப் பிள்ளையும் அந்தி நேரத்தில் வெளியே கிளம்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பார்த்த நினைவே போதும்.)

முன்வரைவை வெள்ளைத் தாளில் பென்சிலால் செய்யச் சொல்லாதீர்கள். கறுப்புத் தாளில் வெள்ளைப் பென்சிலாலோ சாக்பீஸாலோ செய்வதுதான் சரி. வெள்ளைத் தாளில் பழகிய கை உடனே உருவத்தின் சுற்றுக்கோட்டைப் போட்டுவிடும். அதை அப்படியே அட்டையில் சுரண்டினால், இருட்டில் ஒளிந்து நிற்க வேண்டிய விலங்கு வெள்ளைக் கோட்டுக்குள் அடைபட்ட வெற்றுக் கூடாகிவிடும். பிள்ளைகளிடம் நான் காணும் தவறுகளில் முக்கால் பங்கு இந்தச் சுற்றுக்கோடுதான். ஆகவே முதல் படத்துக்கு ஒரு விதி வைக்கிறேன்: சுற்றுக்கோடு போடக் கூடாது, வெளிச்சம் பட்ட பக்கத்தை மட்டும் தொடலாம். முன்வரைவு சரியாக வந்தபின், மெல்லிய தாளில் அதை நகலெடுத்து, தாளின் பின்புறம் சாக்பீஸைத் தேய்த்து, அட்டையின்மேல் வைத்து மழுங்கிய பென்சிலால் மெல்ல ஓட்டினால், கறுப்பில் மங்கலான தடம் விழும். அது வழிகாட்ட மட்டுமே. வேலை முடிந்ததும் உலர்ந்த பிரஷால் தட்டிவிடலாம்.

இப்போது தெருவிளக்கு வலப்பக்கம் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலங்கு விளக்கைப் பார்த்து நிற்கிறது. முதலில் கொம்பு: வெளி வளைவில் ஒரே ஒரு தடித்த கோடு, நுனியை நெருங்கும்போது மெலிந்து நின்றுவிட வேண்டும். அடுத்து முதுகு. காட்டெருமையின் தோளிலிருந்து நடுமுதுகுவரை உயர்ந்த திமில் மேடு ஓடுகிறது. அதன் மேல் விளிம்பில் வலமிருந்து இடமாகச் சாயும் குறுங்கோடுகளை நெருக்கமாகத் தொடங்கி, பின்பக்கம் போகப் போகத் தளர்த்தி, இடுப்புக்கு முன்பே நிறுத்திவிடச் சொல்லுங்கள். வயிற்றில் கை வைக்கவே கூடாது. முகத்தில் நெற்றியும் மூக்கின் மேல்புறமும் மட்டும் லேசாகத் தெரிந்தால் போதும். கண்ணில் ஒற்றைப் புள்ளி. கடைசியாகக் கால்கள்: முழங்காலுக்குக் கீழே, விளக்குப் பக்கம் முழு வெள்ளையாகவும் மறுபக்கம் இடைவெளி விட்ட நெடுங்கோடுகளாகவும். குளம்பு கறுப்பாகவே இருக்கட்டும்.

இந்த இடத்தில் ஏறக்குறைய எல்லா வகுப்பிலும், “மிஸ், மாடு இன்னும் தெரியவே இல்லையே!” என்று ஒரு குரல் எழும். அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்து, பிள்ளையை நான்கடி பின்னால் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கொம்பும் முதுகும் கால்களும் சேர்ந்து நடுவிலிருக்கும் கறுப்பை உடலாக்கிவிடும். அதைப் பார்த்தபின்னும் வயிற்றைச் சுரண்டியே தீருவேன் என்று நிற்கும் பிள்ளையை நான் தடுப்பதில்லை. இரண்டாம் அட்டையில் அதுவே வேறுபாட்டைப் பார்த்துக்கொள்ளும்.

பின்புலத்துக்குத் தேயிலைச் செடிகள் நன்றாக அமையும். மட்டமாக வெட்டப்பட்ட ஒவ்வொரு செடியின் மேல் விளிம்பிலும் சிறு வளைகோடுகள் நான்கைந்து போட்டு, செடிகளுக்கு இடையிலான நடைவழிகளைக் கறுப்பாகவே விட்டால், சரிவு முழுவதும் தானாக வடிவம் பெறும். தொலைவிலுள்ள செடிகளுக்கு வெறும் புள்ளிகள் போதும். சில்வர் ஓக் மரங்களுக்கு விளக்குப் பக்கம் மட்டும் நெடுங்கோடு. மூடுபனியைக் கோட்டால் காட்ட முயன்றால் மழையாகிவிடும். ஊசிமுனையால் குத்திய புள்ளிகளை விளக்கைச் சுற்றி நெருக்கமாகவும், விலக விலக அரிதாகவும் இடுவதுதான் வழி. அதற்குப் பொறுமை வேண்டும் என்பதால் மூத்த பிள்ளைகளுக்கே கொடுக்கலாம்.

இரண்டாம் படத்துக்கு மலை ரயிலைத் தரலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரையான பாதையில் 16 குகைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிலிருந்து நீராவி எஞ்சின் வெளிவரும் காட்சியில், குகையின் வாயைத் தொடாமலும் புகையைக் குறுகிய வளைகோடுகளால் அள்ளி அள்ளியும் வரைய வேண்டியிருக்கும். வேறு வடிவங்களைத் தேடும் பிள்ளைகளிடம் நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூத்தையலைக் காட்டுகிறேன். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக ஓடும் அந்த வரிசைகளில், நூல் ஓடாத வெள்ளை இடைவெளிகளும் வடிவத்தின் பகுதியாக இருப்பதை அவர்கள் கவனிக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஒரு சமூகத்தின் உடையிலுள்ள வடிவங்களை எடுத்து வெற்றிடத்தை நிரப்பப் பயன்படுத்துவதை நான் ஊக்குவிப்பதில்லை.

சுரண்டும்போது கவனிக்க வேண்டியவை

வலக்கைப் பிள்ளைகள் இடது மேல் மூலையிலிருந்தும், இடக்கைப் பிள்ளைகள் வலது மேல் மூலையிலிருந்தும் தொடங்கினால் முடித்த இடத்தில் கை உரசாது. கைக்கு அடியில் ஒரு தாளை எப்போதும் வைத்திருக்க வேண்டும்; வியர்வையும் பனி ஈரமும் போஸ்டர் கலரை இளக்கிவிடும். எழுதும் அளவுக்கு அழுத்தினால் போதும். உதிரும் கறுப்புத் தூளை வாயால் ஊதுவது பிள்ளைகளின் இயல்பு. தூள் கண்ணில் விழும், எச்சில் தெறித்த இடத்தில் கறையும் விழும். அட்டையைச் செய்தித்தாளின்மேல் சாய்த்துத் தட்டச் சொல்லுங்கள்.

தவறிப்போய் விழுந்த கோட்டை மறைக்க, சோப்பு கலந்த அதே கறுப்பை நுனி பிரஷால் தொட்டு வைத்து, உலர்ந்தபின் மறுபடி சுரண்டலாம். ஒரே இடத்தில் இரண்டாம் முறைக்குமேல் அது பிடிக்காது. அதைவிட, கோடு எங்கே விழுந்ததோ அங்கே ஒரு புல்லையோ நட்சத்திரத்தையோ கண்டுபிடிப்பதைப் பிள்ளைகள் விரும்புகிறார்கள். ஒரு வகுப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். அதன் பிறகு கை சும்மா இருக்க மாட்டாமல் விட்டுவைத்த கறுப்பையெல்லாம் நிரப்பத் தொடங்கும்.

படங்களைப் புத்தகமாக்குதல்

அச்சுக்காகப் பிறந்த கலை என்பதால், சுரண்டல் ஓவியம் ஜெராக்ஸில் மிகத் தெளிவாக வரும். வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்தால், ஓர் இரவில் ஒரு காட்டெருமை ஊரைக் கடந்து போகும் கதையை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துக்கொடுக்கலாம். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, விலங்கு எந்தத் திசையில் நடக்கிறது என்ற இரண்டையும் எல்லோரும் முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் அது திரும்பித் திரும்பி நடக்கும். எழுத்தை அட்டையிலேயே சுரண்டச் சொல்ல வேண்டாம். தமிழ் எழுத்தின் சுழிகள் மெழுகில் பெயர்ந்துவிடுகின்றன. கதையைத் தனித்தாளில் எழுதிப் படத்தின்கீழ் ஒட்டி நகலெடுத்து, மடித்து, நடுவில் இரண்டு பின் அடித்தால் புத்தகம் தயார். மஞ்சள் தெரிய வேண்டுமானால் வண்ண நகல் எடுக்கலாம். செலவு கூடும் என்றால் கறுப்பு வெள்ளை நகலில் சன்னலை மட்டும் ஒவ்வொரு பிரதியிலும் பிள்ளைகளே மஞ்சள் பென்சிலால் தீட்டட்டும்.

மூல அட்டைகளைக் கண்ணாடிச் சட்டத்தில் நேராக அழுத்தி மாட்டினால் மெழுகு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் தடித்த அட்டையில் வெட்டிய ஓரச்சட்டம் ஒன்றைக் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் வைத்தால் இடைவெளி கிடைக்கும். ஈரச் சுவரில் மாட்டிய படத்தின் பின்புறம் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பூத்துவிடும் என்பதால், ஜூனுக்கு முன் இறக்கி, பட்டர் பேப்பரில் சுற்றி டப்பாவுக்குள் வைத்துவிடுங்கள்.